தோட்டத்து வீட்டுக்குக் கைத்துப்பாக்கி கேட்கும் கொங்கு மண்டலம்... தோள் உறை காப்பாற்றுமா? முழு விளக்கம்

பவானி டவுனில் இருந்து அந்தியூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும், ஊர் முடிந்து தோட்டம் ஆரம்பித்துவிடும். மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை. நடுவில் ஒரு வீடு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ இருப்பார்கள். வீட்டில் வயதான அப்பா, அம்மா, ஒரு நாய், நாலு மாடு. கொங்கு மண்டலத்தில் ஏராளமான குடும்பங்களின் நிலைமை இதுதான்.

இந்த வீடுகளுக்குள் பயம் புகுந்தது சமீபத்தில். 2024 நவம்பர் கடைசியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே 1-ம் தேதி, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. பிள்ளைகள் போன் செய்தும் எடுக்காததால் உறவினர்கள் போய்ப் பார்த்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. சிவகிரி வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலையிலும் தொடர்பு இருப்பதாகப் போலீஸ் பின்னர் அறிவித்தது.

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு கொங்கு பகுதியில் ஒரு கோரிக்கை பலமாக எழுந்தது. தோட்டத்து வீடுகளில் தனியாக இருப்பவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்பதுதான் அது.

லைசென்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமா என்று பேசியாகிவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை எங்கே வைப்பது? எதில் வைத்து எடுத்துப் போவது? சினிமா போலீஸ் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாமா? சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் துப்பாக்கியால் என்ன முடியும், என்ன முடியாது என்பது இந்தக் கேள்வியில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில், லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை கிடையாது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது போன்ற உரிமை நம் நாட்டில் யாருக்கும் இல்லை என்பதை 2023-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். பவானிக்காரர் என்றால் விண்ணப்பம் ஈரோடு மாவட்ட ஆட்சியரிடம் போகும். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் இருப்பதுபோல ஈரோட்டில் இல்லை. போலீஸ் விசாரணை அறிக்கை கட்டாயம். தொழில் காரணமாகவோ வேறு காரணத்தாலோ உயிரையும் சொத்தையும் காப்பாற்றிக்கொள்ள உண்மையான தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும்.

தமிழ்நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. 2016 டிசம்பர் வரையிலான மத்திய உள்துறை அமைச்சகக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் லைசென்ஸ்கள். தமிழ்நாடு முழுவதும் சேர்த்து 22 ஆயிரத்துச் சொச்சம்தான்.

பவானி, அந்தியூர் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. பர்கூர் மலை அடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பயிரைக் காக்கக் கேட்கும் லைசென்ஸ் வேறு, உயிரைக் காக்கக் கேட்கும் லைசென்ஸ் வேறு. பயிருக்குக் கொடுப்பது நீளக் குழல் துப்பாக்கி. அதைத் தோளில் வார் போட்டு மாட்டிப் போகலாம். உறை பற்றிய கேள்வி வருவது ரிவால்வர், பிஸ்டல் என்ற கைத்துப்பாக்கிகளுக்குத்தான்.

உறை பற்றிச் சட்டம் ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. கைத்துப்பாக்கியைப் பொது இடத்துக்கு எடுத்துப் போனால், கைத்துப்பாக்கிக்கென்றே செய்த உறையில் வைத்து உடம்போடு பொருத்தியிருக்க வேண்டும், அல்லது அதற்கேற்ற பையில் வைத்திருக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாது, முழுக்க மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின் சாரம் இதுதான்.

பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதும் சுடுவதும் கண்டிப்பாகத் தடை. மீறினால் லைசென்ஸே போய்விடும். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டம் 30-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கல்யாணம், காதுகுத்தில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம்.

ஆக, சட்டத்தின் பார்வையில் உறை என்பது துப்பாக்கியை மறைத்து, கட்டி, கட்டுப்பாட்டில் வைக்கும் சாதனம். அழகுக்கு மாட்டுவது இல்லை.

தோள் உறை எங்கிருந்து வந்தது?

இரண்டு தோளிலும் வார், முதுகில் இரண்டும் சேரும் இடம், இடது கக்கத்துக்குக் கீழே துப்பாக்கி, வலது பக்கம் தோட்டாப் பை. 'ஷோல்டர் ஹோல்ஸ்டர்' எனப்படும் தோள் உறையின் பொதுவான அமைப்பு இது. வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்த் துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

இது பிரபலமானதற்குக் காரணம் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானக் குழுவினரும் டாங்கிப் படையினரும் எம்3, எம்7 என்ற தோள் உறைகளைப் பயன்படுத்தினார்கள். குறுகிய இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை எடுக்க முடியாது. நெஞ்சுப் பக்கம் இருந்தால் எடுக்கலாம். பிறகு 1980-களில் 'மயாமி வைஸ்' என்ற அமெரிக்க டிவி தொடர் கோட்டுக்குள் தோள் உறையைக் காட்டி உலகம் முழுக்க ஸ்டைல் ஆக்கியது. அந்த ஸ்டைல் எல்லா மொழி சினிமாவுக்கும் பரவியது.

இதில் ரெண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இது உட்கார்ந்திருப்பவருக்கான உறை. இரண்டு, இதன் மேலே கோட்டு வேண்டும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் எதைப் பார்க்கணும்?

லைசென்ஸ் இருக்கிறது, தினமும் கார் ஓட்டும் வேலை, அல்லது பணம் எடுத்துப் போகும் தொழில். அப்படிப்பட்டவருக்குத் தோள் உறை பொருந்தலாம். அவர்கள் பார்க்க வேண்டியவை இவை:

1. விசை மூடியிருக்கிறதா? முதல் விதி இதுதான். துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போது விரலோ துணியோ வேறு எதுவோ விசையைத் தொட முடியாதபடி உறை மூடியிருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் தொளதொளத் துணி உறைகளில் இது உறுதியாக இருக்காது. உங்கள் மாடலுக்கென்றே செய்த உறைதான் சரி.

2. பிடிப்பு எப்படி? குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி கீழே விழக் கூடாது. கட்டைவிரலால் தட்டித் திறக்கும் வார் உள்ள உறை நல்லது. பின்புறம் சுத்தி வெளியே தெரியும் ரிவால்வர் என்றால், அந்தச் சுத்தி சட்டையில் மாட்டாதபடி வார் அதன் மேலே வர வேண்டும்.

3. குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது? இரண்டு வகை உண்டு. படுக்கைவாட்டு உறையில் குழல் பின்பக்கம் பார்த்திருக்கும். அதாவது உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரைப் பார்த்திருக்கும். செங்குத்து உறையில் தரையைப் பார்க்கும். கூட்டத்தில் நிற்பவருக்குச் செங்குத்து உறையே மேல். ஆனால் குழல் நீளம் என்றால் செங்குத்து உறை இடுப்பில் இடிக்கும். எடுக்கும்போது இரண்டு வகையிலுமே குழல் உங்கள் இடது கையையும், இடது பக்கம் நிற்பவரையும் கடந்துதான் முன்னால் வரும். சில துப்பாக்கிப் பயிற்சித் தளங்களில் தோள் உறையை அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான்.

4. எடை சமமாக இருக்கிறதா? கான்பூரில் இயங்கும் பொதுத்துறை நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 'பிரபல்' என்ற .32 ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. அதே கான்பூரில் 2014-ல் பெண்களுக்கென்று அறிமுகமான 'நிர்பீக்' சுமார் அரை கிலோ. முக்கால் கிலோவை நாள் முழுக்க ஒரே தோளில் தொங்கவிட்டால் சாயங்காலம் கழுத்தும் முதுகும் பேசும். எதிர்ப் பக்கம் தோட்டாப் பை இருந்தால் எடை சமமாகும். உறையின் அடிப்பகுதியை இடுப்பு பெல்ட்டோடு கட்டும் வார் இருந்தால் அங்கேயும் இங்கேயும் ஆடாது.

5. வேர்வைக்குத் தாங்குமா? கக்கத்துக்குக் கீழே இருக்கும் உறை. ஏப்ரல், மே மாத ஈரோட்டு வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தோல் உறை வேர்வையை உறிஞ்சும், மழைக் காலத்தில் பூசணம் பிடிக்கும், உள்ளே இருக்கும் இரும்பில் துரு ஏறும். தோல் உறையிலேயே துப்பாக்கியை மாதக்கணக்கில் வைத்து பீரோவில் பூட்டுவது தவறு. துடைத்து, எண்ணெய் போட்டு, உறை வேறு துப்பாக்கி வேறாக வைக்க வேண்டும்.

6. எந்தக் கை? கடையில் கிடைக்கும் உறைகள் பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்கானவை. இடது கைக்காரர் அதை மாற்றிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

7. தோள் ஒத்துழைக்குமா? குறுக்கே கையை நீட்டி, வாரைத் திறந்து, இழுத்து எடுக்க வேண்டும். தோள்பட்டை வலியால் சட்டை போடவே சிரமப்படும் 70 வயதுக்காரருக்கு இது நடக்கிற காரியமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உறை வாங்கியதும் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்து, எடுத்து, திரும்ப வைத்துப் பழக வேண்டும். தோட்டா இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த பிறகுதான் அதுவும்.

வேட்டி சட்டைக்கு ஒத்துவருமா?

இங்கேதான் சிக்கல். கொங்கு விவசாயியின் உடுப்பு மெல்லிய வெள்ளைச் சட்டை, வேட்டி, இடுப்பில் பை வைத்த அகலமான பச்சை பெல்ட். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் தோள் உறை போட்டால் வார் முதல் துப்பாக்கி வரை அப்படியே தெரியும். முழுக்க மூடியிருக்க வேண்டும் என்ற விதி அங்கேயே அடிபடும். சட்டைக்கு மேலே போட்டால் ஊருக்கே காட்டுகிற மாதிரி. கோட்டு போடலாம் என்றால், சித்திரை மாதத்தில் பவானியில் கோட்டு போட்டு நடப்பவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மறைத்து வைப்பதன் நோக்கமே போய்விடும்.

அப்போ பச்சை பெல்ட்டில் செருகிக்கொள்ளலாமா? கூடவே கூடாது. பணமும் போனும் வைக்கிற பை அது. துப்பாக்கிக்காகச் செய்த உறை கிடையாது. விசைக்கு மூடி இல்லை, விழாமல் பிடிக்க வார் இல்லை. சாவிக்கொத்து விசையில் மாட்டினால் போதும், குண்டு தொடையில் பாயும்.

இன்னொரு இடத்தையும் யோசித்துப் பாருங்கள். பவானி கூடுதுறை. ஆடி அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் அங்கே எவ்வளவு கூட்டம் கூடும் என்பது ஊருக்கே தெரியும். தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர் சட்டையைக் கழற்றி ஆற்றில் இறங்க வேண்டும். அப்போது தோளில் இருந்த துப்பாக்கி எங்கே போகும்? கரையில் துணி மூட்டைக்குள்ளா? பேரன் கையிலா? கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த நிமிடமே மீறப்படுகிறது. ஒருநாள் முழுக்க எங்கெல்லாம் போகிறோம், எங்கெல்லாம் அதைக் கழற்ற வேண்டி வரும் என்று எழுதிப் பார்த்தால், உறை தேர்வில் பாதி முடிந்துவிடும். கழற்றி வைக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதுதான் சரி.

ஒன்றரை நொடிக் கணக்கு

1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்குப் போட்டார். கத்தியோடு ஓடி வரும் ஆள் 21 அடி தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை நொடி. பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பு உறையில் இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகிறது. இது எல்லா நேரத்துக்கும் பொருந்தும் விதி இல்லை என்று பிறகு விவாதங்கள் வந்தன. ஆனால் அது சொல்லும் பாடம் பழையதாகவில்லை. கிட்டத்தில் நிற்கும் ஆளுக்கு எதிராக, உறையில் இருக்கும் துப்பாக்கி ரொம்ப மெதுவானது.

21 அடி என்பது வாசல்படிக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான். அதுவும் அந்தக் கணக்கு இடுப்பு உறைக்கு, பகல் வெளிச்சத்துக்கு, பயிற்சி பெற்ற இளம் போலீஸ்காரருக்கு. சட்டை அல்லது கோட்டை விலக்கி, குறுக்கே கை நீட்டி, வாரைத் திறந்து எடுக்க வேண்டிய தோள் உறைக்கு இன்னும் நேரம் பிடிக்கும். தூக்கக் கலக்கத்தில் எழும் முதியவருக்கு எவ்வளவு ஆகும்?

2025 ஆகஸ்டில் உடுமலைப்பேட்டை அருகே ஒரு தோட்டத்தில் அப்பா, மகன் தகராறை விசாரிக்கப் போன சிறப்பு எஸ்.எஸ்.ஐ. வெட்டிக் கொல்லப்பட்டார். போலீஸ் வேலை பார்த்தவருக்கே தோட்டத்து இருட்டில் நேர்ந்தது இது.

ராத்திரி துப்பாக்கி எங்கே இருக்கும்?

கோரிக்கையின் மையமே ராத்திரிதான். ஆனால் ராத்திரியில் யாரும் தோள் உறை போட்டுத் தூங்குவதில்லை. வெயில் காலத்தில் வாசலில் கயித்துக் கட்டில் போட்டுப் படுப்பவர் துப்பாக்கியை எங்கே வைப்பார்?

லைசென்ஸ் வாங்கும்போதே ஆயுதத்தைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஆக அது உள் அறையில், பீரோவில், பூட்டுக்குள் இருக்கும். தோட்டா வேறு இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. நாய் குரைக்கிறது, அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். இதுதான் எல்லாத் தோட்டத்திலும் நடப்பது. நாய் குரைக்கிற ஒவ்வொரு முறையும் பீரோவைத் திறந்து தோட்டா போட்டு எடுத்துப் போக மாட்டார். கீரிப்பிள்ளைக்கும் நாய் குரைக்கும்.

அப்படி இல்லாமல் தலையணைக்கு அடியில் வைத்தால்? லீவுக்கு வந்த பேரப்பிள்ளை கையில் அது கிடைக்கும். அல்லது திருட வந்தவன் கையில் கிடைக்கும். அதுவரை கட்டையும் அரிவாளும் வைத்திருந்தவனிடம் துப்பாக்கியும் சேர்ந்துவிடும். தோட்டத்தில் யாரிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது நாலு பேர் வேலைக்கு வந்து போகும் இடத்தில் ரகசியமாக நிற்காது.

அதற்காகத் துப்பாக்கிக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதவு பூட்டியிருக்கிறது, வெளியே கதவை உடைக்கிறார்கள், உள்ளே இருப்பவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது என்றால் நிலைமை வேறு. அப்போது பூட்டிய பெட்டியில் இருந்து எடுக்க நேரம் இருக்கும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுப்பது பலமான கதவு. அங்கே தோள் உறைக்கு வேலை இல்லை.

தேர்தல் வந்தால்?

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம். எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல், ஆட்சியரும் எஸ்.பி.யும் இருக்கும் குழு ஒவ்வொருவரையும் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணைய வழிமுறை. வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன் என்பவரும் இந்தக் குழுவிடம் காரணம் சொல்லி விலக்குக் கேட்டு மனு கொடுக்கலாம். கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16-ல் அறிவிப்பு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு, ஜூன் 4-ல் எண்ணிக்கை. அறிவிப்புக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் 80 நாள். துப்பாக்கியை நம்பி நாயையும் விளக்கையும் விட்டுவிட்டவர் அந்த 80 நாள் ராத்திரியும் வெறும் கையோடு இருக்க வேண்டும்.

சுட்டுவிட்டால் சட்டம் என்ன சொல்லும்?

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளி இறக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைவது போன்றவற்றில் சொத்தைக் காப்பதற்கும் அது நீளலாம்.

ஆனால் எல்லை உண்டு. தேவைக்கு மேல் போகக் கூடாது. தேங்காய் திருடிவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. இருட்டில் தெரிந்த உருவம் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்றால் பிறகு என்ன சொல்லியும் பயனில்லை. முறை வைத்து ராத்திரியில் தண்ணீர் விடும் ஊர் இது. ஆகையால் துப்பாக்கியை எடுக்கும் முன் கையில் எடுக்க வேண்டியது டார்ச். யார் என்று தெரியாமல் சுடக் கூடாது.

அப்போ தோட்டத்து வீட்டுக்கு எதுதான் வழி?

சிவகிரி சம்பவத்தில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. நடந்தது வெளியே தெரியவே நாளானது. அன்றாடம் ஒருவர் எட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால் குறைந்தது அதுவாவது உடனே தெரிந்திருக்கும். திருடர்கள் கணக்குப் போடுவதும் இதை வைத்துத்தான். இந்த வீட்டில் என்ன நடந்தாலும் இரண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குத் தைரியம்.

அந்த நம்பிக்கையை உடைக்கிற வேலைகள் செலவு குறைந்தவை. ராத்திரி படுக்கும் முன்பும் விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு போன். நாலைந்து தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. வாசலிலும் கட்டுத்தரையிலும் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. வெளிச்சுவரில் சைரன், அதன் சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில். உள்ளே இருந்தே வெளியே பார்க்க ஒரு கேமரா. நாய் குரைத்தால் கதவைத் திறக்காமல் முதலில் விளக்கைப் போடும் பழக்கம். நகையும் பணமும் வங்கி லாக்கரில். அவசர எண் 112, தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப், ஸ்டேஷன் நம்பர் மூன்றும் அம்மாவின் போனிலும் இருக்க வேண்டும், அப்பாவின் போனில் மட்டும் இல்லை. தனி வீடுகளைக் கணக்கெடுத்து ராத்திரி ரோந்து போவது போலீஸின் கடமை. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்பது உங்கள் உரிமை.

இதற்கு மேலும் உண்மையான மிரட்டல் இருக்கிறது, சட்டப்படி லைசென்ஸ் வாங்குகிறேன் என்பவர் வாங்கலாம். அவர் தோள் உறை கடைக்குப் போகும் முன் வீட்டுக்குள் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். பகலில் நான் போடும் சட்டைக்குள் இது மறையுமா? ராத்திரி இரண்டு மணிக்கு இது எந்தப் பூட்டுக்குள் இருக்கும்? அது கைக்கு வரும்வரை கதவு தாங்குமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், முதலில் மாற்ற வேண்டியது கதவுதான்.